மாதிரியும் சரக்கும்



1777 ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்திறங்கிய சுவீடன் நாட்டு மருத்துவர் ஒருவர், தமது பயண நூலிலே விசித்திரமான ஓர் உத்தியோகத்தைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கார்ல் பீட்டர் தூன்பெர்க் என்பது அவர் பெயர். தாவரங்களுக்கு முறைப்படி பெயரிடும் வழியை உலகுக்கு வகுத்துத் தந்த லின்னேயசின் மாணாக்கர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகக் கடமையாற்றியவர். அவர் குறிப்பிடும் உத்தியோகம் யாதெனில், கறுவாப்பட்டையை மெல்லுதல்.

கம்பனி இலங்கையிலிருந்து ஏற்றிச்சென்ற பண்டங்களுள் கறுவா தலையாயது. காட்டிலே உரித்து, உலர்த்தி, கட்டுக்களாகக் கட்டிக் கொண்டுவரப்பட்ட பட்டையைக் கப்பலில் ஏற்றுமுன் கம்பனியின் வைத்தியர்கள் சோதித்தல் வேண்டும். அந்நாளில் இரசாயனக் கூடம் ஏது? நாவே கருவி. கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி வாயிலிட்டு மென்று, காரமும் இனிப்பும் மணமும் நோக்கி, இது நல்லது, இது கழிவு என்று பிரிப்பார்கள். இந்த வேலையை இரண்டு மூன்று நாளுக்கு மேல் தொடர்ந்து செய்ய எவராலும் இயலாது. நாவும் உதடும் புண்ணாகிவிடும். பாணில் வெண்ணெய் தடவி உண்டு எரிச்சலைத் தணித்துக்கொள்வதும் அக்கால வழக்கமாக இருந்திருக்கிறது. கூலிக்குக் கறுவா தின்றவர்கள் என்று சிரிக்கத் தோன்றும். ஆயினும் அவ்வைத்தியர்கள் நின்ற இடத்தைக் கவனியுங்கள். ஆம்ஸ்டர்டாமில் இருந்த வர்த்தகன், சரக்கு பல மாதக் கடற்பயணம் முடித்துத் தன் வாசலுக்கு வந்தபின் அதிலே குற்றங்காண விரும்பவில்லை. சரக்குப் புறப்படும் துறையிலேயே, தன் சம்பளம் பெறும் ஆளை நிறுத்திவைத்தான்.

சோழமண்டலக் கரையிலும் இதே கதைதான். சென்னையில் ஆங்கிலேயக் கம்பனியும் நாகப்பட்டினத்தில் ஒல்லாந்தரும் நெசவாளரிடம் துணி வாங்கியபோது, முதலில் ஒரு மாதிரித் துண்டை வைத்துக்கொண்டார்கள். நெய்து வந்த ஒவ்வொரு துணியும் பண்டகசாலையில் விரிக்கப்பட்டு, நீளம், அகலம், இழை நெருக்கம், சாயம் ஆகியவை அம்மாதிரியோடு ஒப்பிடப்பட்டன. ஒவ்வாதது திருப்பப்பட்டது, அல்லது விலை குறைக்கப்பட்டது. முற்பணம் வாங்கிக் கடன்பட்டிருந்த நெசவாளன் திருப்பி வந்த துணியைச் சுமந்து எங்கே போவான்? அவன் பட்ட அல்லல் தனிக் கதை.

நம்முடைய பழைய பட்டினங்களில் சரக்குச் சோதனை இருக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே சுங்கம் கொண்டு பண்டங்களின்மீது புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. மேடைகளில் இதனைத் தரச் சான்றிதழ் என்று சிலர் பெருமையோடு எடுத்துரைப்பதுண்டு. அம்முத்திரை அரசனுக்குரிய வரி தீர்ந்தது என்பதற்கு அடையாளம்; பண்டம் நல்லது என்பதற்கு அன்று. துறைமுகத்துக்கு வந்த கப்பலின் சரக்குக்கு வரி எவ்வளவு என்று கேட்ட அரசுகள் உலகெங்கும் இருந்தன. அச்சரக்கு எத்தகையது என்று கேட்ட அரசுகள் மிகச் சில.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்றுத் திசை மாறியது. துணி நெய்து அனுப்பிய நாடுகள் துணி வாங்கும் நாடுகளாயின. மான்செஸ்டர் ஆலைகளின் துணி சென்னைக்கும் கொழும்புக்கும் மூட்டை மூட்டையாக வந்தது. 1861 இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரினால் பஞ்சுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, ஆலைக்காரர் ஓர் உபாயம் செய்தார்கள். நெசவுக்குமுன் பாவு நூலுக்கு இடும் கஞ்சியிலே சீனக்களிமண்ணை மிகுதியாகக் கலந்தார்கள். துணி கனமாக இருந்தது. கைக்கு வாளிப்பாகவும் இருந்தது. முதற் சலவையிலே களிமண் கரைந்தோட, எஞ்சியது வலைபோன்ற மெல்லிய துணி. போர் முடிந்தபின்னும் பழக்கம் நிற்கவில்லை. கஞ்சியின் ஈரத்தால் கப்பலின் அடித்தளத்திலேயே பூஞ்சணம் பிடித்து, மூட்டையை அவிழ்த்தபோது துணி கறைபட்டிருந்ததாகக் கீழைநாட்டு வியாபாரிகள் முறையிட்டார்கள். 1872 இல் பிரித்தானிய அரசு டாக்டர் புக்கானன் என்பவரைக் கொண்டு இதுபற்றி ஓர் அறிக்கை பெற்றது. எதற்காகத் தெரியுமா? களிமண் தூசியைச் சுவாசித்த தொட்மொர்டன் ஊர் நெசவாளரின் உடல்நலம் கருதி. அந்தத் துணியை உடுத்தவர்கள் பொருட்டு எவரும் அறிக்கை எழுதவில்லை.

இதற்கு மாறாக, தங்கள் ஊர்ச் சந்தைக்கு வேறு நாட்டு மலிவுச் சரக்கு வரத் தொடங்கியதும் பிரித்தானியர் 1887 இல் வணிகக் குறிச் சட்டத்தைத் திருத்தி இயற்றினார்கள். பிரித்தானியச் சரக்கெனத் தோன்றும் குறிகளோடு வரும் அந்நியச் சரக்கு, தான் பிறந்த நாட்டின் பெயரைத் தாங்கி வரவேண்டும் என்றாயிற்று. 'ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற எழுத்து அவ்வாறு பிறந்ததே. பழிச்சொல்லாக நினைத்து இட்ட அந்த எழுத்து சில ஆண்டுகளிலேயே நற்சான்றாக மாறிப்போனது வேடிக்கை.

கறுவாவை நம்மிடம் வாங்கியவன் நம் கரையிலே வைத்தியரை நிறுத்தினான். துணியை நாம் அவனிடம் வாங்கியபோது அவன் ஆலை வாசலில் நம் ஆள் எவரும் நிற்கவில்லை. நிற்க அனுப்புவதற்கு நமக்கென ஓர் அரசு இருக்கவில்லை.

சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1949 இல், உணவு மருந்துச் சட்டம் நிறைவேறியது. 1955 இல் கொழும்பிலே விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. 1964 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கைக் கட்டளைகள் பணியகம் தோன்றியது. 1984 இல் அது இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் ஆயிற்று. மின்குமிழிலும் சீமெந்துப் பையிலும் நாம் காணும் எஸ்.எல்.எஸ். என்ற முத்திரை அதனுடையது. 1969 ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம், குறித்த சில பண்டங்கள் தரப் பரிசோதனைக்கு உட்பட்டே நாட்டுக்குள் வரவேண்டும் என விதிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு வெளிநாட்டுச் சரக்கு வெள்ளமாகப் பெருகிய பின்னரே அவ்வதிகாரத்தின் அவசியம் பலருக்கும் விளங்கிற்று.

இவ்வரலாற்றிலே தனித்து நிற்பவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயரில் பல விலைகளுக்கு நாட்டுக்குள் வந்துகொண்டிருந்ததைக் கண்டு, ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துப் பட்டியலை 600 அளவுக்குச் சுருக்கினார். உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கச் செய்தார். உடனே எழுந்த எதிர்ப்பு என்னவென்றால், மலிவு மருந்து தரங்குறைந்த மருந்து என்பது. அக்கூச்சலில் சுயநலம் இருந்தது உண்மை. ஆனாலும் அக்கேள்வி தவறானதன்று. பெயர்பெற்ற கம்பனி ஒன்றின் முத்திரையை நம்பாமல் மலிவாக வாங்குகிற நாடு, அந்த முத்திரை செய்த வேலையைத் தானே செய்யவேண்டும். அதாவது, தன் சோதனைக்கூடத்தில் பார்க்கவேண்டும். 1976 அளவில் அத்திட்டம் தளர்த்தப்பட்டது; 1977 இல் பிபிலே கயானா நாட்டிலே காலமானார்.

இனி, பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? இதுவே இப்பொருளின் உள்ளீடு.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் நம்மவர். கொதிக்கும் பானைக்கு இது சரி. ஒரே நீரில், ஒரே தீயில் வெந்த சோறு அது. கப்பலில் வந்த ஆயிரம் மூட்டை ஒரே பானை அன்று. மேல் மூட்டை ஓர் ஊரிலும் அடி மூட்டை வேறோர் ஊரிலும் நிரப்பப்பட்டிருக்கலாம். விற்பவன் வாய்க்கட்டில் நல்லதையும் உள்ளே மட்டமானதையும் வைத்திருக்கலாம். மதீனா நகரக் கடைத்தெருவில் நபிகள் நாயகம் அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள்ளே கையை விட்டுப் பார்த்து, மேலே உலர்ந்திருந்த குவியல் உள்ளே ஈரமாக இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் வருகிறது. நம் பகுதிப் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டறியும் நிகழ்ச்சி. அதனை ஒழுக்கப் பாடமாக மட்டும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம். கை எங்கே போயிற்று என்பதையும் சொல்லிக்கொடுக்கலாம். பிற்கால இஸ்லாமிய நகரங்களில் முஹ்தஸிப் என்ற கடைத்தெருக் கண்காணிப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 12 ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ என்பவர் அவ்வதிகாரிகளுக்கென்றே ஒரு கைந்நூல் இயற்றினார். மாவிலும் எண்ணெயிலும் மருந்துச் சரக்குகளிலும் எதை எதைக் கலப்பார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொழில் தொழிலாகப் பிரித்து எழுதப்பட்ட நூல் அது.

கையை எத்தனை இடத்தில் விடுவது என்ற கேள்விக்குக் கணக்கு வழியிலே விடை கண்டது இருபதாம் நூற்றாண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்குக் கோடிக்கணக்கில் வந்த தளவாடங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்க ஆளில்லை. எனவே நிகழ்தகவுக் கணிதத்தின் துணைகொண்டு அட்டவணைகள் வகுக்கப்பட்டன. 1950 இல் அவை இராணுவ நியமமாகவும், பின்னர் சர்வதேச நியமமாகவும் வெளிவந்தன. அவ்வட்டவணையின்படி, 2,000 மின்குமிழ்கள் கொண்ட ஒரு தொகுதியிலிருந்து 125 குமிழ்களை, கண்ணுக்குப் பிடித்ததை அன்றி, குருட்டாம்போக்காக எடுக்கவேண்டும். நூற்றுக்கு ஒன்று என்பது ஏற்கத்தக்க பழுதின் அளவாயின், 125 இல் 3 வரை பழுதிருந்தால் தொகுதி ஏற்கப்படும். 4 பழுதானால் 2,000 உம் திருப்பப்படும். விற்பவனிடம் இரக்கமும் வேண்டாம், வன்மமும் வேண்டாம். எண் பேசும். மாகாணத்துப் பாடசாலை ஒன்றிலே, புதிதாக வந்திறங்கிய வெப்பமானிகளை விஞ்ஞான ஆசிரியர் ஒரே பாத்திரத்து வெந்நீரில் ஒருங்கே வைத்துக் காட்ட, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாகை காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். கலைப் பட்டதாரியாகிய எனக்கே அன்று இந்த எண்ணின் அருமை விளங்கிற்று.

ஆயினும் எண்ணுக்கு அகப்படாத நஞ்சு உண்டு. 1960 இல் இங்கிலாந்திலே சில மாதங்களுக்குள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப்பார்த்தபோது, பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த நிலக்கடலைப் பிண்ணாக்குத் தீவனம் அகப்பட்டது. நிலக்கடலை என்பது நம் வழக்கில் கச்சான். அதிற் படர்ந்த ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சுக்கு அப்ளடொக்சின் எனப் பெயரிட்டார்கள். ஈரலில் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது அது. ஒரு மூட்டைக் கச்சானில் பெரும்பாலான பருப்புகள் தூயனவாகவும், எங்கோ கிடக்கும் சில பருப்புகள் கடும் நஞ்சுடையனவாகவும் இருக்கும். ஒரு பிடி அள்ளிப் பார்த்தவன் நல்லது என்பான். அடுத்த பிடி அள்ளியவன் தீயது என்பான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆகவேதான் இந்த நஞ்சைத் தேடுவோர் பல இடங்களில் அள்ளி, பெருந்தொகையாக அரைத்துக் கலந்து, பின்னரே சோதிப்பார்கள். 2021 மார்ச்சு மாதத்தில் நம் நாட்டுக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெய்க் கொள்கலன்கள் பலவற்றில் இந்நஞ்சு அளவுக்கு மேல் இருந்ததைக் கட்டளைகள் நிறுவனம் கண்டறிந்ததும், புதுவருடத்தை எதிர்நோக்கியிருந்த நாடு கலங்கியதும், அவ்வெண்ணெய் வந்தவழியே திருப்பி அனுப்பப்பட்டதும் நேயர்கள் நினைவில் இருக்கும்.

இன்னொரு சங்கடம், தேடியதே அகப்படும் என்பது. பாலிலே புரதம் எவ்வளவு என்று அறிய, டென்மார்க் தேசத்து இரசாயனி கெல்டால் 1883 இல் கண்ட முறையிலே நைதரசனை அளப்பார்கள். அளவு கூடினால் புரதம் கூடுதல் என்று கொள்வார்கள். சீனாவிலே பாலில் நீரைக் கலந்தவர்கள் இதனை அறிந்து, நைதரசன் நிறைந்த மெலமின் என்ற பொருளைச் சேர்த்தார்கள். சோதனையில் பால் தேறியது. 2008 இல் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றார்கள். ஆறு குழந்தைகள் இறந்தன. மெலமினை எவரும் பாலில் தேடியிருக்கவில்லை; ஏனெனில் பாலில் அதைப் போடுவார் உண்டென்று எவரும் எண்ணியிருக்கவில்லை.

பத்திரத்தை நம்பினால் என்ன நேரும் என்பதற்கு ஹெயிட்டி நாடு சான்று. 1995, 1996 ஆகிய ஆண்டுகளில் அங்கே காய்ச்சற் பாணி அருந்திய பிள்ளைகள் 80 பேருக்கு மேல் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். பாணியில் கிளிசரினுக்குப் பதிலாக டையெத்திலீன் கிளைக்கோல் என்ற நச்சுத் திரவம் இருந்தது. இரண்டும் நிறமற்றவை; இரண்டும் இனிப்பவை; பின்னது மலிவு. அச்சரக்கு சீனாவிலிருந்து ஐரோப்பியத் தரகர்களின் கைகளினூடாகப் பயணஞ் செய்தது. தூய்மைச் சான்றிதழும் கூடவே கை மாறிக் கை வந்தது. பீப்பாயைத் திறந்து ஒரு துளியைச் சோதிப்பதற்கோ செலவு அற்பம். 2022 இல் மேற்காபிரிக்காவின் காம்பியா நாட்டிலே, இந்தியாவிலிருந்து வந்த இருமற் பாணிகளோடு தொடர்புபட்டு ஏறத்தாழ 70 பிள்ளைகள் இறந்தார்கள். மருந்தைச் சோதிக்கும் கூடம் அந்நாட்டிலே இருக்கவில்லை. எனவே 2023 ஜூலை முதலாந் திகதி தொடக்கம், இந்தியாவில் மருந்து கப்பலேறுமுன்னரே அங்கு வைத்துச் சோதிக்கப்படல் வேண்டும் என்று காம்பியா விதித்தது. இருமற் பாணிகளை ஏற்றுமதிக்கு முன் அரச கூடங்களில் சோதிக்கும் விதியை இந்தியாவும் அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே கொண்டுவந்திருந்தது. நாவினால் கறுவாவைச் சோதித்த அந்த முறைக்கே, ஏறத்தாழ 245 ஆண்டுகள் கழித்து, வாங்கும் ஏழை நாடொன்று வந்துசேர்ந்தது. இடையிலே 70 பிள்ளைகள்.

நம் நாட்டிலும் 2023 இல் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரை அறுவைச் சிகிச்சை பெற்றோர் சிலர், இறக்குமதியான ஒரு கண்சொட்டு மருந்தைப் பாவித்தபின் கண்ணிலே தொற்றுக்கு ஆளானார்கள். அதன்பிறகே மருந்து மீளப்பெறப்பட்டது, அதன்பிறகே சோதிக்கவும்பட்டது.

இவ்வளவும் சொன்னபின், எங்கள் பொத்துவில் மக்கள் மிக அருகிலிருந்து கண்ட ஒரு நிகழ்ச்சிக்கு வருகிறேன். கொழும்புத் துறைமுகம் எங்களுக்கு எட்டாத தொலைவு. இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை வழியாக வரும் ஏ 4 நெடுஞ்சாலையிலே தீவின் அகலம் முழுவதையும் கடந்துதான் வெளிநாட்டுச் சரக்கு எங்கள் கடைகளுக்கு வரும். எங்கள் மாவட்டத்துக்கென ஒலுவிலில் 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகம் மணல் மூடிப் பயனற்றுப் போயிற்று. ஆதலால் சுங்கம், ஆய்வுகூடம், மாதிரி என்பனவெல்லாம் எங்களுக்குப் பத்திரிகைச் செய்திகளே. 2021 இல் அது மாறியது.

அவ்வாண்டு மே மாதம் 6 ஆந் திகதிய வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. பெரும்போகத்துக்கு இன்னும் ஐந்து மாதமே இருந்தது. நாடு முழுவதற்கும் வேண்டிய சேதனப் பசளையை உள்ளூரில் ஆக்க முடியாதென்பது விரைவிலே தெரிந்தது. சீனாவின் சிங்தாவோ நகரைச் சேர்ந்த சீவின் பயோடெக் என்ற கம்பனியிடம், ஒரு இலட்சம் தொன்னுக்குச் சற்றுக் குறைவான சேதனப் பசளையை ஏறத்தாழ 5 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க அரச பசளைக் கம்பனிகள் இணங்கின. மாதிரிகள் விமானத்தில் வந்தன. தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவையினர் அவற்றை வளர்ப்பூடகத்தில் இட்டுப் பார்த்து, எர்வினியா இனத்தைச் சேர்ந்த பக்டீரியா இருப்பதாக அறிவித்தனர். கிழங்கையும் கரட்டையும் வயலிலேயே அழுகச்செய்யும் வகைகள் இவ்வினத்தில் உண்டு. இறக்குமதி அனுமதி மறுக்கப்பட்டது. சோதனை போதாது, சர்வதேச முறைக்கு ஒவ்வாது என்று கம்பனி மறுத்துரைத்தது.

ஒரு நுண்ணுயிருக்கு இத்தனை அச்சமா என்று கேட்போர் மடுல்சீமையை நினைத்துக்கொள்ளட்டும். எங்களுக்கு மேற்கே மலைமேலுள்ள அந்தப் பகுதியிலேதான் 1869 இல் கோப்பிச் செடியின் இலையிலே செம்மஞ்சள் நிறப் பொடியாக ஒரு பூஞ்சணம் தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர்ச்செய்கை ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. ஒரு முறை மண்ணில் இறங்கியதைத் திருப்பி அனுப்ப முடியாது. துணியையும் எண்ணெயையும் போல அன்று இது.

ஆனால் ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. மக்கள் வங்கி நாணயக் கடிதத்தைத் திறந்திருந்தது. ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் 20,000 தொன் பசளையோடு செப்டம்பர் மாதத்தில் புறப்பட்டும்விட்டது. நம் கடலுக்கு வந்து, இறக்க அனுமதியின்றி அங்குமிங்கும் அலைந்தது. ஒக்டோபர் 22 ஆந் திகதி கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் பணங்கொடுப்பதற்குத் தடையுத்தரவு பிறப்பித்தது. ஒரு வாரத்தில் சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கரும்பட்டியலில் சேர்த்தது. தொற்றுக்காப்புச் சேவையின் உயர் அதிகாரி ஒருவரிடம் 80 இலட்சம் டொலர் நட்டஈடு கோரிக் கம்பனி கடிதம் அனுப்பியது. அரச சம்பளம் வாங்கும் ஓர் அலுவலர், தாம் கண்டதைக் கண்டவாறு எழுதியதற்கு! முடிவிலே 2022 ஜனவரியில் இலங்கை ஏறத்தாழ 67 இலட்சம் டொலர் செலுத்திப் பிணக்கைத் தற்காலிகமாகத் தீர்த்துக்கொண்டது. டொலர் இன்றி எரிபொருளும் மருந்தும் வாங்கத் தடுமாறத் தொடங்கியிருந்த நாடு அது.

என் கருத்தில், நம் ஆய்வாளர்கள் தம் கடமையில் தவறவில்லை. வரிசை தலைகீழாகியதே தவறு. மாதிரி தேறிய பின்னர் ஒப்பந்தம், ஒப்பந்தத்தின் பின்னர் நாணயக் கடிதம், அதன் பின்னர் கப்பல் என்பதே முறை. அவசரம் அம்முறையைக் கலைத்தது. மாதிரி தேறாவிட்டால் பணம் இல்லை என்று எவரும் விளங்கும்படி எழுதி வாங்காத ஒப்பந்தத்தின் முன்னே ஆய்வுகூடத்தின் அறிக்கை வெறுங் கடதாசியாய் நின்றது.

அந்தக் கார்த்திகை மாதத்தில், பிள்ளையின் இடைவிலகல் குறித்துப் பேச வந்த ஒரு விவசாயி, என் அலுவலக வாசலில் நின்று பசளைக் கப்பலைப் பற்றிக் கேட்டார். ஆய்வுகூடத்தார் மறித்ததனால்தான் பசளை இல்லாமற் போயிற்று என்பது அவர் கேள்விப்பட்டது. நான் தெரிந்ததைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப, கப்பல்ல ஏத்த முந்தியே நம்மட ஆளொண்ட அனுப்பிப் பார்த்திருக்கலாமே, சேர்" என்றார். முதலில் மாதிரிதான் வந்தது, வேண்டாம் என்று நம்மவர் அறிவித்ததன் பின்னரே கப்பல் புறப்பட்டது என்று நான் கூறியபோது, அவர் நம்பவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்வதாகவே எண்ணிக்கொண்டு போனார்.

இரசாயனப் பசளைத் தடை அதே மாதத்தில் நீக்கப்பட்டது. அப்போது எங்கள் வயல்களில் விதைப்பு நடந்துவிட்டது. அடிக்கட்டுப் பசளை இடும் நாளும் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. இந்தியக் கடனுதவியின் கீழ் யூரியா கொழும்புக்கு வந்தது 2022 ஜூலையிலும் ஆகஸ்டிலும். அது எங்கள் பக்கம் வந்துசேர்வதற்குள் சிறுபோகத்துப் பயிரும் பாதி வளர்ந்திருந்தது.